ராணியை வரைந்த பெண்: எலிசபெத் விஜே லெ பிரன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் படங்களை இணையத்தில் பார்க்காதவர் குறைவு. தலையில் இறகு, கையில் ரோஜா, மடியில் குழந்தை. அவற்றில் நன்றாக இருப்பவை பெரும்பாலும் ஒரே கை வரைந்தவை என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். அப்படி வருபவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எலிசபெத் விஜே லெ பிரன். 1755 ஏப்ரல் 16 அன்று பாரிஸில் பிறந்தார், 1842 மார்ச் 30 அன்று அதே பாரிஸில் இறந்தார். உருவப்படம் வரைவதுதான் தொழில். வெர்சாய், நேப்பிள்ஸ், வியன்னா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், லண்டன் என்று ஐரோப்பாவின் பெரிய இடங்களில் எல்லாம் அவர் முன்னால் ஆட்கள் படத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அவரே போட்ட கணக்குப்படி உருவப்படங்கள் 660க்கு மேல், இயற்கைக் காட்சிகள் ஏறக்குறைய 200.

ஓவியம் எங்கே கற்றுக்கொண்டார்?

பள்ளி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா லூயி விஜே பாஸ்டல் வண்ணத்தில் முகம் வரைகிறவர். அம்மா சிகையலங்காரம் செய்கிறவர். ஆறு வயதில் மகளைக் கன்னிமாடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே நோட்டின் ஓரம், தோழிகளின் நோட்டின் ஓரம், படுக்கைக் கூடத்துச் சுவர் என்று ஒன்றையும் விடாமல் கிறுக்கியதற்கு வெறும் ரொட்டியும் தண்ணீரும் தண்டனை. ஏழெட்டு வயதில் விளக்கு வெளிச்சத்தில் தாடிக்காரர் ஒருவரின் தலையை வரைந்து அப்பாவிடம் காட்டியிருக்கிறார். “நீ ஓவியராவாய், குழந்தாய். நீ ஆகவில்லை என்றால் வேறு எவராலும் ஆக முடியாது” என்றாராம் அப்பா.

அந்த அப்பா 1767இல் போய்விட்டார். தொண்டையில் சிக்கிய மீன் முள்ளில் தொடங்கிய உபாதை. அப்போது மகளுக்கு 12 வயது. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் அப்பாவின் நண்பர்கள் சொன்ன யோசனைகளும், தனியார் சேகரிப்புகளில் இருந்த ரூபன்ஸ், ரெம்பிராண்ட், வான் டைக் படங்களைப் பார்த்து வரைந்த நகல்களும்தான். ஆண் மாணவர்களுக்கு ஆடையில்லா உடலைப் பார்த்து வரையும் வகுப்பு உண்டு. பெண்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. பெண் ஓவியர்கள் பலர் உருவப்படத்தின் பக்கம் ஒதுங்கியதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சம்பாதிக்கத் தொடங்கியது எப்போது?

பதினைந்து வயதை ஒட்டி. அந்தப் பணத்தில்தான் தம்பி படித்தான். அப்பா இறந்த கொஞ்ச நாளில் அம்மா ஒரு நகை வியாபாரியை மணந்தார். புதுக் கணவர் வசதியானவர் என்று நம்பித்தான் அந்தக் கல்யாணம். ஆனால் மகள் வரைந்து கொண்டுவந்த காசையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அது போதாதென்று இறந்துபோன அப்பாவின் உடைகளை எடுத்து, தன் அளவுக்குப் பிடித்துத் தைக்கக்கூட இல்லாமல், அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தார். அறுபது வருடம் கழித்து நினைவுக்குறிப்புகள் எழுத உட்கார்ந்தபோதும் அந்தத் தொளதொள உடை மகளுக்கு மறக்கவில்லை.

1774இல் உரிமம் இல்லாமல் தொழில் செய்கிறார் என்று அவருடைய பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். உடனே செயின்ட் லூக் அகாடமியில் விண்ணப்பித்து, அதே ஆண்டு உறுப்பினரானார். அவருக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் இதுதான். கடை நடத்த லைசென்ஸ் எடுப்பது போன்ற காரியம், அவ்வளவுதான்.

கணவரால்தான் முன்னுக்கு வந்தார் என்கிறார்களே?

பாதி சரி. ழான் பாப்திஸ்த் பியேர் லெ பிரன் ஓவிய வியாபாரி. ஒரே கட்டடத்தில் குடியிருந்தவர். தன்னிடம் வந்த பழைய ஓவியர்களின் படங்களை அவர் இரவல் கொடுக்க, இவர் நகல் எடுத்துப் பழகினார். 1776 ஜனவரியில் திருமணம். சில காலம் அதை வெளியே சொல்லவில்லை.

மீதிப் பாதி இதுதான்: மனைவியின் வருமானம் முழுவதும் கணவர் கைக்குப் போனது. சூதாட்டம், பெண்கள் என்று கரைந்தது. வருமானம் போதவில்லை என்று மாணவிகளைச் சேர்த்துப் பாடம் நடத்தச் சொன்னதும் அவரே. பத்து லட்சம் பிராங்குக்கு மேல் சம்பாதித்தும் 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வந்து நாட்டைவிட்டுக் கிளம்பும்போது தனக்கென்று இருபது பிராங்க் வருமானம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார். அதே கணவர் 1793இல், மனைவி துரோகி அல்ல, கலை கற்கவே வெளிநாடு போயிருக்கிறார் என்று வாதாடிச் சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு விவாகரத்தும் செய்தார். எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாத ஆள்.

ராணியிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

1778இல். மரி அந்துவானெத்தின் அம்மா, ஆஸ்திரியாவின் மரியா தெரேசா, மகளின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு வரைந்தவை எதுவும் பிடிக்கவில்லை. விஜே லெ பிரன் வெள்ளைச் சாட்டின் உடையில் ஆளுயரத்துக்கும் மேலான படம் ஒன்றை வரைந்தார். அது வியன்னா போனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. இருவருக்கும் ஒரே வயது, அப்போது 23.

அவர்களுக்குள் இருந்த பழக்கத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். ஓவியர் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் உடம்பு முடியாமல் வெர்சாய் அரண்மனைக்குப் போகத் தவறிவிட்டார். மறுநாள் பயந்துகொண்டே போனார். ராணி வெளியே கிளம்பத் தயாராக இருந்தவர், வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் படத்துக்கு உட்கார்ந்தார். பதற்றத்தில் இவர் வண்ணப்பெட்டியைத் தட்டிவிட, தூரிகைகள் எல்லாம் தரையில் சிதறின. குனியப் போனவரை, “இந்த நிலையில் நீங்கள் குனியக் கூடாது, விடுங்கள்” என்று தடுத்துவிட்டு ராணியே குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். சொல்கிற ஓவியர் ராணியின் கடைசிவரைக்குமான விசுவாசி என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் பொறுக்கிய கை மனதில் நிற்கிறது.

ராஜா உத்தரவால்தானே ராயல் அகாடமியில் இடம் கிடைத்தது? அது நியாயமா?

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஓவியம், சிற்பத்துக்கான பிரெஞ்சு ராயல் அகாடமி 1648இல் தொடங்கி 1793இல் கலைக்கப்பட்டது. இந்த ஏறக்குறைய 145 வருடத்தில் சேர்த்துக்கொண்ட பெண்கள் 15 பேர். அதிலும் ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1770இல் வரம்பு கட்டினார்கள். அகாடமியில் இல்லாவிட்டால் சலோன் எனப்படும் அதன் பெரிய கண்காட்சியில் படம் வைக்க முடியாது. சலோனில் வைக்காத படத்தைப் பற்றி ஊர் பேசாது.

1783இல் அவர் பெயர் வந்தபோது எதிர்ப்புக்குச் சொன்ன காரணம் படங்களைப் பற்றியது அல்ல. கணவர் ஓவிய வியாபாரி, வியாபாரத் தொடர்புள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். அதாவது, கணவரின் தொழில் மனைவியின் தகுதிக் குறைவு. ராணி தலையிட்டு, ராஜா உத்தரவு போட்டு, மே 31 அன்று உள்ளே வந்தார். அதே நாளில் அதெலயித் லபீய் கியார் என்ற இன்னொரு பெண் ஓவியரும் சேர்ந்தார். அவருக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஆக, ஒருவர் தேர்வானவர், மற்றவர் சிபாரிசில் வந்தவர் என்ற பேச்சு அன்றே கிளம்பி இன்றுவரை ஓடுகிறது.

என் கருத்து: சிபாரிசு நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தகுதியோடு சம்பந்தமே இல்லாத ஒரு தடையைத் தாண்டத்தான் அந்தச் சிபாரிசு தேவைப்பட்டது. அவரும் சும்மா போகவில்லை. முகம் வரைகிறவர் என்ற சிறிய கட்டத்துக்குள் தன்னை அடைத்துவிடக் கூடாது என்று, அமைதி வளத்தை அழைத்து வருவதாக இரண்டு பெண் உருவங்களை வைத்து வரைந்த பெரிய உருவகப் படத்தைச் சமர்ப்பித்தார். உருவகமும் வரலாறும் அன்றைய கணக்கில் ஆண்களின் முதல் வரிசை. அகாடமி அவரை எந்த வகையில் சேர்த்தோம் என்று குறிப்பிடாமலே விட்டுவிட்டது. படம் இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில்.

ராணியின் “உள்ளாடைப் படம்” என்ன விவகாரம்?

அதே 1783 சலோனில், வெள்ளை மஸ்லின் உடையும் வைக்கோல் தொப்பியுமாக ராணியின் படம் ஒன்றை வைத்தார். நம் கண்ணுக்கு அடக்கமான கவுன்தான். அன்றைய பாரிஸுக்கு ராணி உள்ளாடையோடு நிற்பதாகப் பட்டது. பட்டை விட்டுவிட்டு மஸ்லினா, லியோன் பட்டு நெசவாளர்கள் என்ன ஆவது என்ற கோபம் வேறு. படத்தை இறக்கினார்கள். அதே போஸில், சாம்பல் கலந்த நீலப் பட்டு உடையில், கையில் ரோஜாவோடு இன்னொன்று வந்தது. இணையத்தில் நீங்கள் அதிகம் பார்ப்பது இதுதான்.

பல் தெரிந்ததற்காகவா திட்டினார்கள்?

ஆமாம், நிஜமாகவே. 1787 சலோனில் வைத்த, தன்னையும் மகள் ஜூலியையும் வரைந்த படத்தில் அவருடைய உதடுகள் லேசாகத் திறந்து பல் தெரிகிறது. ரசனையுள்ளவர்களுக்கு ஒவ்வாத செயற்கைத்தனம், பழங்காலத்தவரிடம் இதற்கு முன்மாதிரியே இல்லை என்று ஒரு ஏடு கண்டித்தது.

காலிச் சட்டத்தின் கதை?

அதே 1787 சலோன். ராணியை நல்ல தாயாகக் காட்டி மக்களின் வெறுப்பைத் தணிக்க, மூன்று குழந்தைகளோடு மிகப் பெரிய படம் ஒன்று அரசு செலவில் தயாரானது. நான்காவது குழந்தை சோஃபி அந்த ஜூன் மாதம் பதினோரு மாத வயதில் இறந்துபோனது. படத்தில் மூத்த மகன் காலித் தொட்டிலைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

கண்காட்சி தொடங்கிய அன்று படம் வந்து சேரவில்லை, சட்டம் மட்டும் மாட்டியிருந்தது. அரசுக் கஜானா காலியாகி, ராணிக்கு “பற்றாக்குறை அம்மையார்” என்று பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்த காலம். பார்த்தவர்களில் ஒருவர், “இதோ, பற்றாக்குறை!” என்றார்.

தொட்டிலைக் காட்டிய அந்தப் பையனும் 1789 ஜூனில் இறந்தான். அந்தப் படத்தைத் தாண்டிப் போக ராணியால் முடியவில்லை என்று அதை இடம் மாற்றி வைத்தார்கள். அதனால்தான் கூட்டம் அரண்மனைக்குள் நுழைந்தபோது அது தப்பியது என்கிறார் ஓவியர்.

அந்தப் படங்களை அவரே வரையவில்லை என்ற வதந்தி உண்மையா?

இல்லை. மேனஜோ என்ற ஓவியர் கைவைத்துத் தருகிறார் என்று இவரைப் பற்றிப் பேசினார்கள். வின்சென்ட் என்ற இன்னொரு ஓவியர் வரைந்து தருகிறார் என்று லபீய் கியாரைப் பற்றிப் பேசினார்கள். இருவரையும் போட்டியாளர்களாக நிறுத்திப் பத்திரிகைகள் எழுதின. வதந்தி மட்டும் இருவருக்கும் ஒன்றேதான்.

வதந்தி ஊதிப் பெருத்ததற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. ஒரு மாலை, வீட்டில் இருந்த திரைச்சீலைகளையும் இரவல் வாங்கிய பழைய ஜாடிகளையும் வைத்து, விருந்தாளிகளுக்குக் கிரேக்க வேடம் போட்டுச் சாப்பாடு போட்டார். செலவு பதினைந்து பிராங்க். வெர்சாயில் அது இருபதாயிரம் ஆனது. பிறகு அவர் போன ஊரெல்லாம் அந்தக் கதை அவருக்கு முன்பே போயிருந்தது: ரோமில் நாற்பதாயிரம், வியன்னாவில் அறுபதாயிரம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எண்பதாயிரம்.

திப்பு சுல்தானின் தூதரை இவர் வரைந்தாராமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு திப்பு அனுப்பிய தூதுக்குழு 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, 1788 ஜூனில் பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில் இறங்கியது. பாரிஸே இவர்களை வேடிக்கை பார்க்கத் திரண்டது. விஜே லெ பிரன் ஓபராவில் அவர்களைப் பார்த்து, வரைய ஆசைப்பட்டார். ராஜா சொன்னால்தான் உட்காருவோம் என்றார்கள். ராஜாவிடமே சொல்லி ஏற்பாடு செய்து, வண்ணங்களோடு அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனார். வரவேற்பாகக் கையில் பன்னீர் தெளித்தார்கள்.

தூதர்களில் ஒருவரான முகம்மது தர்வேஷ் கானை நின்ற கோலத்தில், கத்தியின் பிடியில் கைவைத்தபடி வரைந்தார். பூவேலை செய்த வெள்ளை மஸ்லின் அங்கி, ஏழடிக்கு மேல் உயரமான படம். படம் காயட்டும் என்று அங்கேயே விட்டுவந்து பிறகு ஆளனுப்பினால், கான் அதைத் தன் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டார். கடைசியில் வேலைக்காரனை வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்து கான் அந்த வேலைக்காரனைக் கொல்லவே கிளம்பிவிட்டாராம்.

சாப்பிடவும் அழைத்தார்கள். தரையில் உட்கார்ந்து, கையால் பரிமாறி, கையால் சாப்பிடுகிறார்கள் என்று முகம் சுளித்து எழுதியிருக்கிறார். என்ன போட்டார்கள் தெரியுமா? வெள்ளைக் குழம்பில் மசாலா தூக்கலாகச் செம்மறியாட்டுக் கால். ஆட்டுக்கால் பாயாவுக்கு நெருங்கிய உறவாகத்தான் இருந்திருக்க வேண்டும்! சோகமான சாப்பாடு என்று குறிப்பு வைத்திருக்கிறார். அவருடைய ரசனையில் நான் ஒத்துப்போகாத ஒரே இடம் இது.

2019 ஜனவரியில் நியூயார்க் சோத்பிஸ் ஏலத்தில் அந்தப் படம் சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது. பழைய காலத்துப் பெண் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிகப் பெரிய விலை.

புரட்சி வந்ததும் என்ன ஆனார்?

1789 அக்டோபரில், அரச குடும்பத்தை மக்கள் கூட்டம் பாரிஸுக்கு இழுத்து வந்த அதே நாள் நள்ளிரவில், ஏழைப் பெண்ணாக வேடமிட்டு, ஒன்பது வயது மகள் ஜூலியோடு பொது வண்டியில் ஏறினார். எதிர் இருக்கையில் நாற்றமடிக்கும் ஓர் ஆள். தான் திருடிய கடியாரங்களின் கதைகளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனவர் திரும்பப் பன்னிரண்டு வருடம் ஆனது.

எனக்கு அவருடைய உண்மையான தகுதிச் சான்று இந்தப் பன்னிரண்டு வருடங்கள்தான். ராஜா இல்லை, கணவர் இல்லை, கையில் தூரிகை மட்டும். ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, அப்புறம் 1795 முதல் ஆறு வருடம் ரஷ்யா. போன இடத்தில் எல்லாம் ஆர்டர்கள் காத்திருந்தன. ஃபுளோரன்ஸின் உஃபிசி ஓவியக்கூடம் அவருடைய சுயபடத்தைக் கேட்டு வாங்கியது. ரோம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிகள் சேர்த்துக்கொண்டன. எல்லாம் இனிப்பாக இல்லை. ரஷ்யாவில் மகாராணி காத்தரீனின் பேத்திகளை வெறுங்கை தெரியும்படி வரைந்ததற்கு மகாராணி முகம் சுளிக்க, உடைக்குச் சட்டைக்கை சேர்த்து வரைய வேண்டியிருந்தது. மகள் ஜூலி அங்கே அவர் விரும்பாத ஒருவரை மணந்தாள். அந்த விரிசல் முழுதாக ஒட்டவே இல்லை.

பாரிஸில் அவர் பெயர் நாட்டைவிட்டு ஓடியவர்கள் பட்டியலில் இருந்தது. அதை நீக்கச் சொல்லி 255 கலைஞர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். 1802இல் திரும்பினார். அவரைப் பற்றி வாக்கெடுப்பு நடக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் இந்த 255ஐயும் எண்ணிக்கொள்ளலாம்.

எப்படி வேலை செய்வார்?

தன் உறவுப் பெண் ஒருத்திக்காகச் சில குறிப்புகள் எழுதி வைத்தார். ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே தயாராக இரு. வேடிக்கை பார்க்க வருபவர்களை உள்ளே விடாதே. பெண்கள் உட்கார்ந்தால் அழகாக இருக்கிறீர்கள், நிறம் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லு. மனது மலர்ந்தால் முகமும் மலரும். இதெல்லாம் இன்று கல்யாண போட்டோகிராபர்களும் செய்வதுதான்.

ஆண்களிடம் வேறு தந்திரம். இளைஞர்கள் சிலர் படம் என்ற சாக்கில் அவரைக் காதல் பார்வை பார்ப்பார்கள். அதனால் அவர்களை வேறெங்கோ பார்ப்பதுபோல வரைவார். கண் தன் பக்கம் திரும்பினால், “இப்போது கண்ணைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்” என்பார். தீர்ந்தது.

எல்லோரையும் அழகாக்கி வரைந்தவர்தானே?

பெண்களை, ஆமாம். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்குவார், கன்னத்தில் ரத்தம் ஓடவிடுவார். வரிசையாக இருபது படம் பார்த்தால் ஒரே குடும்பத்துப் பெண்கள் போலத் தோன்றும். தாய்மைச் சிரிப்பையே திரும்பத் திரும்ப வரைந்தார் என்று பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரும் குறை சொன்னார். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1788இல் நண்பர் ஹுபேர் ரொபேரை வரைந்த படத்தைப் பாருங்கள். கலைந்த தலை, கழுத்தில் அவசரமாகச் சுற்றிய துணி, கைப்பிடிச் சுவர்மேல் ஊன்றிய கை. அழகாக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது அவர் கை எவ்வளவு தைரியமாக ஓடும் என்று தெரியும்.

இறந்த பிறகு மறந்துவிட்டார்களா?

பெயர் மறையவில்லை, மதிப்பு மறைந்தது. ராணிக்குப் பிடித்த ஓவியர் என்ற ஒரு வரிக்குள் சுருங்கினார். 1982இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் கிம்பெல் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. சொந்த ஊரான பாரிஸ் அப்படி ஒன்றை வைத்தது 2015இல், கிராண்ட் பலேயில். மறு ஆண்டு அது நியூயார்க்குக்கும் ஒட்டாவாவுக்கும் போனது.

எங்கே பார்க்கலாம்? ஒன்றே ஒன்று என்றால் எது?

வெர்சாய், லூவ்ர், உஃபிசி, நியூயார்க் மெட்ரோபாலிடன் எல்லாவற்றிலும் உண்டு. ஒன்றுதான் என்றால் லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள வைக்கோல் தொப்பி சுயபடம். 1780களின் தொடக்கத்தில் ஆண்ட்வெர்ப்பில் ரூபன்ஸின் ஒரு பெண் படத்தைப் பார்த்தார். தொப்பியின் நிழல் முகத்தில் விழ, அந்த நிழலுக்குள்ளேயே தோல் ஒளிர்வதைப் பார்த்துவிட்டு வந்து தன் முகத்திலேயே செய்து பார்த்தார். அந்த ரூபன்ஸ் படமும் இப்போது அதே கேலரியில்தான் இருக்கிறது. அதற்கு “வைக்கோல் தொப்பி” என்றே பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அதில் இருப்பது வைக்கோல் தொப்பியே இல்லை. இவர் படத்தில் இருப்பது அசல் வைக்கோல், பூவும் இறகும் செருகியது. முதலில் நெற்றியில் விழும் நிழலைப் பாருங்கள், பிறகு கீழே வந்து இடது கையில் அவர் பிடித்திருக்கும் வண்ணத்தட்டையும் தூரிகைகளையும் பாருங்கள்.